விவிலியத் தமிழில் இறைப்பெயர்

திருமறையைத் தமிழாக்கிய சீர்திருத்தச் சபை அறிஞர்க்கு முதற்கண் எழுந்த வினா, இறைவனைக் குறிக்கத் தக்க சொல் யாது என்பதாம். தரங்கம்பாடியில் 1715-இல் அச்சு நிறைவுற்ற புதிய ஏற்பாட்டில், கத்தோலிக்கர் முன்னரே வழங்கிய 'சருவேசுரன்' என்பதைச் சீகன்பால்கு ஆண்டார். சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியசு 'பராபரன்' என்றார். 1871-ஆம் ஆண்டுப் பவர் பதிப்பு 'தேவன்' என்பதை மேற்கொண்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்றது.

'தேவன்' பல தேவருள் ஒருவனையும் குறிக்குமாதலின், ஒரே இறைவன் என்னும் கோட்பாட்டிற்கு அஃது இயையுமோ என்னும் ஐயம் எழும். 'கடவுள்' பாலீறு பெறாத தமிழ்ச்சொல். எனினும் ஏனைச் சமயத்தார்க்கும் பொதுவாயது. குறையற்ற சொல் ஒன்றும் இல்லை. லுத்தரன் சபையார் பப்ரிசியசின் மொழிபெயர்ப்பை நெடுங்காலம் விடாது போற்றினர். இன்றும் சீர்திருத்தச் சபையார் பலர் 'தேவன்' என்றே வேண்டுகின்றனர். ஆதலின், புலவர் தேர்ந்த சொல்லுக்கு வழிபடுவோர் நாவே பொருளை நிறைவிக்கின்றது என்பது பெறப்படும்.