ஆதாம் ஒருவனா, பலரா?

மனிதன் எவ்வாறு தோன்றினான் என்னும் வினாவைப் பொழுதுபோகாதவர்களின் விசாரணை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ஆனால், எவன் எந்த உறுப்பிலிருந்து பிறந்தான் என்று சொல்லும் ஒரு கதையைக் காட்டி, அவன் எந்தக் கிணற்றில் நீர் முகக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்று வரையறுத்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். எனவே, பிற நாடுகளில் படைப்புக் கதைக்கு உரை கண்டவர்கள் யாவர், அவ்வுரைகளால் யார் வாழ்ந்தனர், யார் வீழ்ந்தனர் என்று அறிவது நம் இளைஞர்களுக்குப் பயன் தருவதாகும். கிறிஸ்தவ வேதத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

அந்நூலின் தொடக்கத்தில் இரண்டு படைப்பு வரலாறுகள் உள்ளன. முதல் அதிகாரத்தில் ஆறு நாட்களில் உலகம் உண்டாகிறது. ஆணும் பெண்ணும் ஒருங்கே தேவனுடைய சாயலில் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்திலோ மண்ணிலிருந்து மனிதனும், பின்னர் அவனுடைய விலா எலும்பிலிருந்து பெண்ணும் உருவாகின்றனர். இதனைப் பழைய உரையாசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர். சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாயிற்று என்றால், அதற்கு முந்திய மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எவ்வாறு வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் வினவினார். நான்காம் நூற்றாண்டில் செசரியா நகரத்துப் பசிலியோ, சொல் சொன்ன பொருளையே கொள்ள வேண்டும் என்றார்.

ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து ஹிப்போ நகரின் ஆயராக விளங்கிய அகஸ்தீன், யாவும் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன என்றும், ஆறு நாட்கள் என்பது நம் அறிவுக்கு ஏற்ற வரிசைமுறையே என்றும் விளக்கம் கூறினார். இயற்கையைப் பற்றி அறிந்த பிற மதத்தார் முன்னிலையில், வேதத்தின் பெயரால் அறியாமையைப் பேசி நகைப்புக்கு இடமாகாதீர்கள் என்று தம் மக்களை அவர் எச்சரித்தும் உள்ளார். தொலைதூர நாடுகளில் விந்தையான உருவமுடையோர் வாழ்வதாகக் கேள்விப்பட்டபோது, அவர்கள் பகுத்தறிவுடைய மானிடராயின் எத்தோற்றத்தினராயினும் ஆதாமின் மரபினரே என்று தீர்ப்புக் கூறியவரும் அவரே. பின்னாளில் ஆப்பிரிக்கரை விலைக்கு வாங்கிய கிறிஸ்தவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை போலும்.

ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தைக் கண்ட பிறகு இவ்வினா கூர்மையடைந்தது. வேதத்தில் பெயர் சொல்லப்படாத அந்தக் கண்டத்து மக்கள் யாருடைய வழிவந்தவர்கள்? அவர்கள் மெய்யான மனிதர்களே, அவர்களை அடிமைப்படுத்தலாகாது என்று 1537-இல் போப் மூன்றாம் பவுல் அறிவித்தார். அறிவிப்பு ஏட்டில் இருந்தது. சுரங்கங்களில் சாவு தொடர்ந்தது.

1650-இல் அயர்லாந்துப் பேராயர் அஷர், வேதத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கணக்கிட்டு, படைப்பு கி.மு. 4004-ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்தது என்று முடிவு கட்டினார். அவ்வாண்டு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சேறியதால், அதுவும் வேத வாக்கே என்று பலர் நம்பிவிட்டனர்.

ஐந்தாண்டு கழித்து, 1655-இல், ஐசக் லா பெரேர் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு நூலை வெளியிட்டார். காயீன் தன்னைக் கண்டவன் எவனும் கொன்றுபோடுவான் என்று யாருக்கு அஞ்சினான்? அவனுக்கு மனைவி எங்கிருந்து கிடைத்தாள்? யார் குடியிருப்பதற்கு அவன் பட்டணம் கட்டினான்? ஆதாமுக்கு முன்னரே மனிதர்கள் இருந்தனர், ஆதாம் யூத குலத்திற்கு மட்டுமே தந்தை என்பது அவர் கண்ட விடை. பாரிஸில் நூல் எரிக்கப்பட்டது. ஆசிரியர் சிறைப்பட்டு, கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்து, 1657-இல் போப்பின் முன்னிலையில் தம் கருத்தைத் துறந்தார். ஒன்றை மறவாமல் கூறவேண்டும்: ஆதாமுக்கு முந்தியோரைத் தாழ்ந்தவர் என்று அவர் கருதவில்லை, எல்லா மக்களும் ஒரே மண்ணால் ஆனவர்களே என்றுதான் கருதினார். அவர் திறந்துவிட்ட வழியில் பின்னர் நுழைந்தவர்களே வேறு சரக்கைக் கொண்டு வந்தனர்.

அந்தச் சரக்கு இறங்கிய துறை அமெரிக்கா. பிலடெல்பியா நகர மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளைச் சேகரித்து, விதைகளால் நிரப்பி அளந்து, 1839-இல் ஒரு நூல் எழுதினார்; பின்னர் ஈயக் குண்டுகளாலும் அளந்தார். வெள்ளையர் உச்சியிலும் ஆப்பிரிக்கர் அடியிலும் அமைந்த பட்டியல் அது. 1850-இல் புகழ்பெற்ற விலங்கியல் அறிஞர் லூயி அகாசி, மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்றும், ஆதியாகமம் வெள்ளை இனத்தின் தோற்றத்தை மட்டுமே கூறுகிறது என்றும் எழுதினார். அலபாமாவின் ஜோசையா நாட் என்னும் மருத்துவர், கிளிடன் என்பவருடன் சேர்ந்து 1854-இல் இக்கருத்தைப் பெருநூலாக்கினார்.

அடிமை வைத்திருந்த தென்மாநிலத்தார் இதனை ஆரவாரத்தோடு ஏற்றிருப்பர் என்று நாம் எண்ணுவோம். பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆதாம் ஒருவனே என்னும் வேத உரைக்கு அது மாறானது என்று அவர்களுடைய போதகர்கள் சினந்தனர். சார்ல்ஸ்டன் நகரின் லூத்தரன் போதகரும் இயற்கை ஆய்வாளருமான ஜான் பாக்மன், மனிதகுலம் ஒன்றே என்று 1850-இல் சான்றுகளுடன் நூல் எழுதி மார்ட்டனை மறுத்தார். அந்தப் பாக்மனே அடிமை உடையவர்! தென் கரோலினா மாநிலம் 1860-இல் ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது மாநாட்டில் ஜெபம் செய்தவரும் அவரே. ‘ஒரே குலம்’ என்று மெய்ப்பித்த கை, அந்தக் குலத்தின் ஒரு பகுதியைக் கட்டிவைத்த சங்கிலியை அவிழ்க்கவில்லை.

அவர்களுக்கு வேறொரு வசனம் துணையாயிற்று. நோவா மதுவுண்டு மயங்கிக் கிடந்ததைக் கண்ட காம் என்னும் மகனின் காரியத்தால் விளைந்த சாபம் அது. ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தைப் படிப்பவர் எவரும் காணலாம்: சாபம் காம் மீதன்று, அவன் மகன் கானான் மீதே விழுகிறது, தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் அங்கு இல்லை. ஆயினும் 1861-இல் தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் ஸ்டீவன்ஸ், நீக்ரோவின் அடிமை நிலைக்குக் கானானின் சாபத்தையும் ஒரு காரணமாக மேடையில் கூறினார்.

இவர்கள் அனைவரும் அடிமைகளைப் பற்றிப் பேசினர். அடிமையாய்ப் பிறந்த ஒருவர் 1854 ஜூலை 12-ஆம் நாள் எழுந்து மறுமொழி கூறினார். ஒஹையோ மாநிலத்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரியில், கற்றோர் நிறைந்த அவையில் பேசியவர் பிரெடெரிக் டக்ளஸ். 1838-இல் தப்பியோடி விடுதலை பெற்றவர், பள்ளியில் பயிலாதவர். மார்ட்டன், நாட், கிளிடன், அகாசி ஆகியோரின் எழுத்துகளை எடுத்துக்கொண்டு அவர் வாதிட்டார். இந்நூல்களில் ஐரோப்பியன் முகம் அழகின் உச்சமாகவும், நீக்ரோவின் முகம் வேண்டுமென்றே இழிவாகவும் வரையப்படுவதைச் சுட்டினார். மனிதகுலம் ஒன்றே என்பதற்கு வேதத்தையும் அறிவியலையும் துணைக்கழைத்தார். அதன்பின் கூறியதே பெரிது: ஒருவேளை தோற்றம் வேறு வேறு என்று மெய்ப்பித்தாலும், நீக்ரோ மனிதன் ஆதலால் அவனுடைய உரிமை அசையாது நிற்கும் என்றார். பாக்மனிடம் காணாத பொருள் இவரிடம் இருந்தது.

1865-இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தபின் உரைகள் ஒழிந்தனவா? 1867-இல் ஒரு போதகர் புனைபெயரில், நீக்ரோ ஆதாமின் மரபினன் அல்லன், பேழையில் ஏறிய விலங்குகளில் ஒன்று என்று எழுதினார். 1900-இல் சார்லஸ் கேரல் என்பவர் அதனைப் பெருநூலாகவே விரித்தார்.

நாட்களைப் பற்றிய வழக்கோ வேறு திசையில் சென்றது. பாறைகளின் வயதை நிலவியல் காட்டியபோது, வசனங்களுக்கு இடையே நெடுங்கால இடைவெளி உண்டு என்று சால்மர்சும், ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் என்று ஹியூ மில்லரும் ஸ்காத்லாந்தில் உரை கண்டனர். 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியர் மீது வழக்கு நடந்தபோது, வேதத்தின் சார்பில் நின்ற பிரையனும் அந்நாட்கள் இருபத்துநான்கு மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். இன்று மரபணு ஆய்வோ, எல்லா மனிதரின் மூதாதையரும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தனர் என்று காட்டுகிறது. மார்ட்டனின் பட்டியலில் அடியில் வைக்கப்பட்டவர்களின் மண் அது.

டக்ளஸ் முதலியோர் நடத்திய போராட்டத்தின் செய்தி கடல் கடந்து நம் நாட்டிற்கும் வந்தது. 1873-இல் மகாத்மா ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ என்னும் மராத்தி நூலை வெளியிட்டபோது, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். ஜோதிராவும் தோண்டிபாவும் உரையாடுவதாக அமைந்த அந்நூல், பிரம்மாவின் வாயிலிருந்து பார்ப்பனரும் பிற உறுப்புகளிலிருந்து மற்றையோரும் பிறந்தனர் என்னும் படைப்புக் கதையைக் கேள்வி கேட்பதிலிருந்தே தொடங்குகிறது.