பின்பால் யந்திரமும் அதன் விலையும்

பழம்பொருள் என்றவுடன் செப்புக் காசும், ஓலைச் சுவடியும், சிதைந்த சிற்பமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாணயம் போட்டு ஆடும் விளையாட்டு யந்திரமும் பழம்பொருளாகும் என்றும், பிள்ளைகள் ஆடிய வீடியோ விளையாட்டுக் கேசட் ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போகும் என்றும் கூறினால் நம்பத் தயங்குவோர் உண்டு. ஆயினும் அமெரிக்க நாட்டில் அண்மையில் நிகழ்ந்தது இதுவே. விலை உயர்ந்தால் ஒரு பொருள் அழிவிலிருந்து தப்புகிறதா, அல்லது மக்கள் கையிலிருந்து தப்பிவிடுகிறதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே அந்த வரலாற்றை நான் இங்கே கூற விரும்புகிறேன்.

பின்பால் யந்திரத்தை நேரில் காணாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சற்றே சாய்ந்த மரப்பலகை. அதன்மேல் கண்ணாடி மூடி. வலப்புறத்து வில்தண்டை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு ஒன்று மேலே ஓடி, தடுப்புகளில் முட்டி, மணிகளை ஒலிக்கச் செய்து, உருண்டு உருண்டு கீழே வரும். பிரெஞ்சு நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடப்பட்ட பகாடெல் என்னும் மேசை விளையாட்டே இதன் மூதாதை. வில்தண்டுக்கு 1871-இல் சின்சினாட்டி நகரத்து மாண்டேகு ரெட்கிரேவ் காப்புரிமை பெற்றார்.

ஆனால் இது பெருந்தொழிலானது 1931-இல். அவ்வாண்டு டேவிட் காட்லீப் என்பவர் 'பாஃபிள் பால்' என்ற யந்திரத்தை 17 டாலர் 50 சென்ட்டுக்கு விற்றார். இன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 350 டாலர். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற மனிதன் ஒரு சென்ட் காசைப் போட்டுச் சிறிது நேரம் கவலை மறக்கலாம். கடைக்காரருக்கும் போட்ட முதல் விரைவில் திரும்பிவிடும். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட யந்திரங்கள் விற்பனையாயின. மலிவே இந்த விளையாட்டின் பிறப்புரிமை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அக்காலத்தில் குண்டைத் தட்டிவிடும் 'ஃபிளிப்பர்' என்னும் துடுப்புகள் கிடையா. அவை வந்தது 1947-இல், காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' யந்திரத்தில்தான். அதற்கு முன் ஆட்டம் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது; ஆகவே சூதாட்டம் என்ற பழி எளிதில் ஒட்டிக்கொண்டது. 1942-இல் நியூயார்க் நகர மேயர் லா கார்டியா இவற்றைத் தடை செய்தார். காவலர்கள் ஆயிரக்கணக்கான யந்திரங்களைப் பறிமுதல் செய்தனர். மேயரே சம்மட்டி கொண்டு உடைப்பதைப் புகைப்படக்காரர்கள் படம் பிடித்தனர். தடை 1976 வரை நீடித்தது. அவ்வாண்டு ராஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர மன்றக் குழுவின் முன் ஆடிக் காட்டி, குண்டு எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே இறக்கியும் காட்டினார். தடை நீங்கியது. அந்த ஒரு குண்டு வழி தவறியிருந்தால் என்னாகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு!

சட்டத்திற்குத் தப்பிய பின்பால், வீடியோ விளையாட்டுக்குத் தப்பவில்லை. 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-இல் 'பேக்-மேன்' என அவை வரிசையாக வந்தன. இடையே ஒரு மறுமலர்ச்சியும் இருந்தது. 1992-இல் வெளிவந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. ஆனால் 1999-இல் வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் தொழிலையே கைவிட்டது. பெரிய தயாரிப்பாளர் என்று சொல்ல ஸ்டெர்ன் நிறுவனம் ஒன்றே எஞ்சியது. கடைகளிலிருந்து அகற்றிய யந்திரங்களைச் சில நூறு டாலருக்கு வாங்கிப் போகலாம் என்ற காலம் அது.

சேகரிப்பாளர் என்ற கூட்டம் உருவானது அந்த மலிவில்தான். அவர்களிற் பலர் செல்வந்தர் அல்லர், பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள். ரப்பர் வளையங்களை மாற்றி, துருவேறிய மின்தொடு முனைகளைத் தேய்த்து, பழைய மின்கலத்திலிருந்து கசிந்த காரம் அரித்துவிட்ட மின்சுற்றுப் பலகையைச் சீராக்கி, நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியை மறுபடியும் ஒலிக்க வைத்தவர்கள். அவர்களுக்கு இன்று நேர்ந்துள்ள நிலை வேறு. 'ஆடம்ஸ் ஃபேமிலி' போன்றவை பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டன. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் வாங்கக் கிளம்பியதும் விலை வேகமாக ஏறிற்று. புதியவையும் விதிவிலக்கல்ல, 2023-இல் கடைகளுக்கென ஸ்டெர்ன் செய்த வகைகளில் மிகக் குறைந்ததே ஏறத்தாழ 7,000 டாலர்.

இதனால் தீமையே விளைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சில நூறு டாலர் பெறும் யந்திரத்துக்கு ஆயிரம் டாலர் செலவழித்துப் பழுதுபார்ப்பார் யார்? விலை ஏறிய பிறகே உதிரிப் பாகங்களை மறுபடி வார்க்கவும், தேய்ந்த ஆட்டப் பலகைகளை மறுபடி அச்சிடவும் சிறு தொழில்கள் தோன்றின. ஏறத்தாழ நாலாயிரமே செய்யப்பட்ட 'மெடீவல் மேட்னஸ்' என்னும் 1997-ஆம் ஆண்டு யந்திரத்துக்குத் தேவை மிகுந்துவிடவே, சிக்காகோ கேமிங் என்ற நிறுவனம் பின்னாளில் அதை அப்படியே புதிதாகத் தயாரித்தது. மேலும், ஆடாமல் கிடந்தால் பின்பால் யந்திரம் கெட்டுப்போகும். ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கியவரும் அதை ஆடியே தீரவேண்டும்.

வீடியோ விளையாட்டுக் கேசட்டின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே விலை பெறுவது ஆட்டமன்று, முத்திரை உடையாத பெட்டி. நிபுணர் குழு பெட்டியைப் பரிசோதித்து, மதிப்பெண் இட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்துவிடுகிறது. 2021 ஜூலையில் 'சூப்பர் மாரியோ 64' கேசட் ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. அது அபூர்வமான விளையாட்டா? ஒரு கோடிக்கு மேல் விற்ற விளையாட்டு! அதற்கு இரண்டு நாள் முன்பு 'லெஜண்ட் ஆஃப் செல்டா' ஒன்று 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர் பெற்றது. அந்தக் கேசட்டுக்குள்ளே ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்க ஒரு சிறு மின்கலம் உண்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அது உயிரோடு இருக்கிறதா என்று பெட்டியைத் திறக்காமல் அறிய முடியாது. திறந்தாலோ விலை போய்விடும். அந்த வெறி பிறகு தணிந்ததென்றாலும், சாதாரணக் கேசட்டுகளின் விலையும் அதோடு சேர்ந்து ஏறியது.

செல்வந்தர் தம் பணத்தை எப்படிச் செலவழித்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். நூல்களுக்கு நூலகம் உண்டு. அதனால் முதற்பதிப்பு எவ்வளவு விலை போனாலும் மாணவன் படிப்பதற்குத் தடையில்லை. விளையாட்டுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஆராய்ந்து கூறியது. அவற்றை ஆடிப் பார்க்க விரும்பும் மாணவன் சேகரிப்பாளரின் விலையைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் ராச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் அருங்காட்சியகம் போன்ற இடத்துக்குப் பயணம் செய்ய வேண்டும். அதுவும் இயலாதென்றால் கள்ளப் பிரதியை நாட வேண்டும். நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே திறந்துவிட அனுமதி வேண்டுமென்று அங்கே கேட்கப்பட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அந்த வேண்டுகோளை மறுத்துவிட்டது.