அப்போசல் தீவுகள்: மீண்டும் தழைத்த ஏரிக்கரை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியில் அமைந்துள்ளது அப்போசல் தீவுகள் தேசிய ஏரிக்கரை. 21 தீவுகளும் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமுள்ள கரைப்பகுதியும் இதில் அடங்கும். மக்கள் வாழும் மேட்லின் தீவு இதில் சேராது. பேஃபீல்டு என்ற சிற்றூரிலிருந்து படகில் செல்லும் பயணிக்கு இத்தீவுகள் மனிதர் காலடி படாத காடுகளாகத் தோன்றும். ஆனால் இவற்றின் வரலாறு வேறு.

இப்பகுதி ஒஜிப்வே பழங்குடியினரின் தாயகம். 1854 ஆம் ஆண்டின் லா பாயிண்ட் உடன்படிக்கைப்படி அவர்கள் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தனர். ரெட் கிளிஃப், பேட் ரிவர் முதலிய ஒதுக்கீட்டு நிலங்கள் அவர்களுக்கு எஞ்சின. 1855 இல் சூ கால்வாய் திறக்கப்பட்டதும் கீழ் ஏரிகளிலிருந்து பெரிய கப்பல்கள் சுப்பீரியருக்குள் நுழைந்தன. தீவுகளின் மரங்கள் வெட்டப்பட்டன. பாஸ்வுட், ஸ்டாக்டன், ஹெர்மிட் தீவுகளில் பழுப்பு மணற்கல் தோண்டப்பட்டது.

கப்பல்களுக்கு வழிகாட்டக் கலங்கரை விளக்கங்கள் எழுந்தன. மிச்சிகன் தீவில் 1857 இலும், ராஸ்பெர்ரி தீவில் 1863 இலும், அவுட்டர் தீவில் 1874 இலும், சாண்ட் தீவில் 1881 இலும், டெவில்ஸ் தீவில் 1891 இலும் விளக்குகள் ஏற்றப்பட்டன. ஆயினும் விளக்கால் மட்டும் புயலை வெல்ல இயலாது. 1905 செப்டம்பர் 2 அன்று வீசிய புயலில் சாண்ட் தீவருகே செவோனா கப்பல் உடைந்து எழுவர் இறந்தனர். அதே நாளில் அவுட்டர் தீவருகே பிரிட்டோரியா என்ற கப்பலும் மூழ்கியது. அதிலிருந்த பத்துப் பேரில் ஐவர், விளக்கக் காவலர் ஜான் இர்வின் உதவியால் கரை சேர்ந்தனர்.

1930களில் இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கும் யோசனை எழுந்தது. மரவெட்டும் காட்டுத்தீயும் இவற்றைச் சீரழித்துவிட்டன என்று கூறி அது நிராகரிக்கப்பட்டது. அதன்பின் காடு மெல்லத் தளிர்த்தது. செனட்டர் கேலார்டு நெல்சன் பாதுகாப்புக்காகத் தொடர்ந்து வாதாடினார். 1970 செப்டம்பர் 26 அன்று சட்டம் நிறைவேறியது. முதல் திட்டங்களில் சேர்க்கப்பட்டிருந்த ஒஜிப்வே மக்களின் ஒதுக்கீட்டு நிலங்கள், அவர்களின் எதிர்ப்பால் இறுதிச் சட்டத்தில் விலக்கப்பட்டன. 2004 இல் பூங்கா நிலத்தின் ஏறத்தாழ 80 விழுக்காடு, நெல்சன் பெயரிலேயே வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இங்கு செல்வோர் கலங்கரை விளக்கங்களோடு, மரங்களுக்கிடையே மறைந்து கிடக்கும் பழைய கற்சுரங்கங்களையும் பார்க்க வேண்டும். பாழான நிலமும் உரிய காலமும் காவலும் கிடைத்தால் மீளும் என்பதற்கு அவை சான்றாகும். கைவிடத்தக்கது என்று ஒரு தலைமுறை தீர்ப்பளித்த இடத்தை, அடுத்த தலைமுறை காத்திருக்கிறது.