பாலின்பக் கருவி: மூலப்பொருளும் முதல் தேர்வும்

வயதுவந்தோர் தனித்தோ துணையுடனோ பாலின்பத்துக்காகப் பயன்படுத்தும் சாதனம் பாலின்பக் கருவி. பேச்சு வழக்கில் செக்ஸ் டாய் என்பார்கள். இந்தியாவில் விற்கும் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் ‘மசாஜர்’ என்று அச்சாகியிருக்கும். வைப்ரேட்டர், டில்டோ, வளையம், பின்துளைச் செருகி என்று வடிவத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம். முதன்முறை வாங்குபவருக்கு அந்தப் பகுப்பால் பெரிய பயனில்லை. எதனால் செய்தது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வரலாறு

தென்மேற்கு ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் கிடைத்த ஆண்குறி வடிவக் கல்லிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவார்கள். வயது சுமார் 28,000 ஆண்டு. நீளம் ஏறத்தாழ 20 செ.மீ. 14 துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்டவைத்து டியூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் அறிவித்தனர். தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய அதே கல்லில் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிய தழும்புகளும் உண்டு.

கிரேக்கத்தில் தோல். கி.மு. 411இல் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் ‘லிசிஸ்ட்ராட்டா’ நாடகம் மிலேட்டஸ் நகரத்துத் தோல் கருவியைக் குறிப்பிடுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் ஹெரோடாஸ் எழுதிய குறுநாடகம் ஒன்றில் இரு தோழிகள், செருப்புத் தைக்கும் கெர்டோன் செய்த செந்நிறக் கருவியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். யார் செய்தது, எவ்வளவு மென்மை, வாரை எப்படிப் பதமாகத் தைத்திருக்கிறான் என்பதுதான் பேச்சு. இன்றைக்கு வாங்குபவர் விசாரிக்க வேண்டியதும் அதுதான்.

காமசூத்திரத்தின் ஏழாம் பகுதி ‘அபத்திரவியம்’ என்ற பெயரில் ஆண்குறியில் அணியும் கருவிகளைச் சொல்கிறது. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, தந்தம், கொம்பு என்று பட்டியல் நீள்கிறது. வெள்ளீயமும் காரீயமும் மென்மையானவை, குளிர்ச்சியானவை என்பது பாப்ரவியர் என்னும் ஆசிரியர் மரபினரின் கட்சி. மரத்தையும் ஏற்கிறார் நூலாசிரியர் வாத்ஸ்யாயனர். காரீயம் நஞ்சு என்பதை இந்த விவாதம் கணக்கில் எடுக்கவில்லை.

விக்டோரியா காலத்து மருத்துவர்கள் ‘ஹிஸ்டீரியா’ நோய்க்குப் பெண்களிடம் வைப்ரேட்டரைப் பயன்படுத்தினார்கள் என்பது 1999இல் ரேச்சல் மெயின்ஸ் எழுதிய நூலால் பரவிய கதை. ஆதாரமில்லாத கதை. 1880களில் மின்னதிர்வுக் கருவியை உருவாக்கிய ஜோசப் மார்ட்டிமர் கிரான்வில், அதைப் பெண்களுக்குப் பயன்படுத்துவதைத் தாம் தவிர்த்ததாகவே எழுதியிருக்கிறார்.

சிலிகான் வந்த வழி வேறு. கிரெனடாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கோஸ்னெல் டங்கன் 1965இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தம்மைப் போன்றோருக்காக 1970களில் சிலிகானில் டில்டோ வார்த்தார். அன்று சந்தையில் இருந்த ரப்பர் சூட்டையும் கடுமையான கழுவலையும் தாங்காது, சிலிகான் தாங்கியது. நியூயார்க்கில் டெல் வில்லியம்ஸ் 1974இல் தொடங்கிய ‘ஈவ்ஸ் கார்டன்’ கடை அவற்றை விற்றது.

மூலப்பொருள்

சிலிகான், துருப்பிடிக்காத எஃகு, போரோசிலிகேட் கண்ணாடி ஆகியவற்றில் நுண்துளை இல்லை. கழுவினால் அழுக்கு போய்விடும். ‘ஜெல்லி’ என்று விற்கும் மலிவான பி.வி.சி.யில் அப்படியில்லை. அதை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைப் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. பெட்டியைத் திறந்ததும் புது மழைக்கோட்டின் நெடி அடித்தாலோ, கையில் பிசுபிசுத்தாலோ அதை உடலில் படவிடாமல் இருப்பதே நல்லது.

தேர்வு

முதல் கருவி சிறியதாக இருக்கட்டும். உள்ளே செலுத்தாமல் வெளியே வைத்துப் பயன்படுத்தும் சிறு வைப்ரேட்டர் பலருக்கும் எளிய தொடக்கம். அதிர்வைக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாகக் கூட்ட வசதி வேண்டும். முதலில் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்; கூச்சமாகத் தெரிந்தால் உள்ளாடைத் துணிக்கு மேலேயே வைத்துப் பழகலாம். பின்துளைக்கானது என்றால் அடிப்பகுதி அகன்றிருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் முழுதும் உள்ளே போய்விடக்கூடும். எடுக்க மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

மசகு இல்லாமல் தொடங்கக் கூடாது. நீரை அடிப்படையாகக் கொண்ட மசகு எல்லாப் பொருளுக்கும் ஒத்துவரும். சிலிகான் மசகு சிலிகான் கருவியின் மேற்பரப்பைக் கெடுக்கக்கூடும். கிளிசரின் மிகுந்த மசகு சிலருக்கு எரிச்சல் தரும். நம் வீட்டில் முதலில் கைக்கு எட்டும் தேங்காயெண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு: லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்தி எளிதில் கிழியவைக்கும். மரத்துப்போக வைக்கும் களிம்பு வேண்டவே வேண்டாம். வலி தெரியாவிட்டால் காயமும் தெரியாது. வலித்தால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் வலித்தால் மகளிர் நல மருத்துவரையோ பாலியல் மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

மோட்டார் இல்லாத சிலிகானையும் எஃகையும் சில நிமிடம் கொதிநீரில் போடலாம். மோட்டார் உள்ளதற்கு இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும். ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் காட்டுகிறது, கொதிநீரில் அல்ல. பின்துளையில் பயன்படுத்தியதைக் கழுவாமலோ அதன்மேல் போட்ட ஆணுறையை மாற்றாமலோ யோனிக்குக் கொண்டுபோகக் கூடாது. இருவர் பகிரும்போதும் இதே விதி.

இன்றைய நிலை

பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு இக்கருவிகளுக்கென 2021இல் ஐ.எஸ்.ஓ. 3533 தரத்தை வெளியிட்டது. இந்தியாவில் உடல் மசாஜர்களை ஆபாசப் பொருள் என்று சுங்கத்துறை பறிமுதல் செய்தது செல்லாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது.