வெள்ளத்தில் நனைந்த கார்பெட், ஜமக்காளம், மெத்தை... எதைக் காப்பாற்றலாம்? எதைத் தூக்கிப் போடணும்?

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் பெருமளவில் திறக்கப்படும்போது நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் காவிரிக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. 2018, 2022, 2024 என அண்மை ஆண்டுகளிலும் இது நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் வாரத்தில் விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வெளியேற்றப்பட்டது. லிட்டர் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு விநாடிக்கும் 56 லட்சம் லிட்டருக்கு மேல்! மக்கள் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் தங்க வைக்கப்படுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் வீடு திரும்புகிறார்கள். அதன் பிறகு நடப்பது செய்திகளில் பெரிதாக வருவதில்லை.

வீட்டுக்குள் சேறு. அதற்கடியில் ஜமக்காளம், பாய், மெத்தை, கொஞ்சம் வசதியான வீடு என்றால் கார்பெட். எல்லாமே காசு போட்டு வாங்கியது. தூக்கி எறிய மனசு வராது. அதே நேரம், கழிவுநீர் கலந்த தண்ணீரில் ஊறிய மெத்தையில் குழந்தையைப் படுக்க வைக்கவும் முடியாது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்வது எப்படி? தொழில்முறையாக இந்த வேலையைச் செய்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: அது என்ன தண்ணீர்?

நனைந்த வீடுகளை உலர்த்திச் சீரமைப்பதை அமெரிக்கா போன்ற நாடுகளில் தனித் தொழிலாகவே செய்கிறார்கள். அந்தத் துறையில் பெரும்பாலும் பின்பற்றப்படும் வழிகாட்டி 'ஐஐசிஆர்சி எஸ்500' என்ற தர நெறிமுறை. எவ்வளவு நனைந்தது என்று பார்ப்பதற்கு முன், எந்தத் தண்ணீரில் நனைந்தது என்று பார்க்கச் சொல்கிறது அது.

மொட்டை மாடித் தொட்டிக் குழாய் உடைந்து கொட்டிய நல்ல தண்ணீர் முதல் வகை. வாஷிங் மெஷினில் இருந்து வெளியேறிய சோப்புத் தண்ணீர் இரண்டாம் வகை. சாக்கடை, கழிப்பறைக் கழிவு, ஆற்று வெள்ளம் மூன்றும் மூன்றாம் வகை. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் வெள்ளநீர் மூன்றாம் வகைதான். நல்ல தண்ணீரும் அப்படியே தேங்கிக் கிடந்தால் நாள் ஆக ஆக அடுத்த வகைக்கு இறங்கிவிடும்.

சேலம் மாநகரில் திருமணிமுத்தாறு கரை மீறி வீட்டுக்குள் வருவதும் இதே கணக்குதான். நகரத்தின் சாக்கடை அதில்தான் கலக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் தாக்கத்தால் சேலம், ஏற்காடு பகுதிகளில் கனமழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்குள் வரும் தண்ணீரை 'மழைத் தண்ணிதானே' என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் வகைத் தண்ணீர் என்றால் தரையோடு ஒட்டிப் போட்ட கார்பெட்டையும் அதன் அடியில் உள்ள ஃபோமையும் அகற்றிவிடச் சொல்கிறது அந்த நெறிமுறை. கழற்றி எடுத்துத் துவைக்கக்கூடிய தனி விரிப்புகளுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. நம் ஊருக்கு இது நல்ல செய்தி. சுவர் முதல் சுவர் வரை கார்பெட் ஒட்டிய வீடுகள் இங்கே குறைவு. ஏசி அறை, அலுவலகம், ஹோம் தியேட்டர் என்று சில இடங்களில்தான் இருக்கும். மற்றபடி நம்மிடம் இருப்பது சுருட்டி எடுக்கக்கூடியதுதான்.

48 மணி நேரம்... ஆனால் எப்போதிலிருந்து?

நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உள்ளிட்ட அமைப்புகளின் எச்சரிக்கை. அதற்குள் முழுமையாக உலர்த்த முடியாத மெத்தை, ஃபோம் போன்றவற்றை விட்டுவிடுவதே நல்லது என்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கடிகாரம் நீங்கள் வீடு திரும்பிய நேரத்தில் ஓடத் தொடங்குவதில்லை. பொருள் நனைந்த நிமிடத்திலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. முகாமில் மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பினால் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். காவிரி வெள்ளத்தில் ஒரு சாதகம் உண்டு. மேகவெடிப்பு போல அது திடீரென்று வருவதில்லை. அணையில் திறப்பதற்கு முன்பே எச்சரிக்கை வருகிறது, ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். அந்தச் சில மணி நேரத்தில் டிவி, ஃபிரிட்ஜைத் தூக்கி வைப்பவர்கள் ஜமக்காளத்தையும் மெத்தையையும் பரணில் போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். சுவிட்ச் பாக்ஸ் வரை தண்ணீர் ஏறியிருந்தால், எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயினைப் போட வேண்டாம். 'சீக்கிரம் காயட்டும்' என்று ஈரச் சுவரில் உள்ள பிளக்கில் ஃபேனைச் சொருகுவது உயிருக்கே ஆபத்து. சேற்றில் வெறுங்காலோடு நடக்கவும் வேண்டாம். எலிக் காய்ச்சல் கிருமி காலில் உள்ள சின்னப் புண் வழியாகவும் உள்ளே போகும். சுருட்டிக் கிடக்கும் பாயைக் கையால் தூக்காமல் ஒரு குச்சியால் புரட்டிப் பாருங்கள். தண்ணீரோடு பாம்பும் வந்து ஒதுங்கியிருக்கலாம்.

பவானி ஜமக்காளத்தை எப்படி மீட்பது?

காவிரிக்கு இந்தப் பக்கம் குமாரபாளையம், அந்தப் பக்கம் பவானி. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் இந்த வீடுகளில் இல்லாமல் இருக்காது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட ரகம். கல்யாணத்துக்கு வாங்கியது, பாட்டி காலத்தது என்று பல வீடுகளில் இது வெறும் விரிப்பாக மட்டும் இருப்பதில்லை.

நல்ல வேளையாக, பருத்தி ஜமக்காளம் வெள்ளத்தைத் தாங்கும் ரகம். பருத்தி நூல் ஈரமானால் வலு கூடும். ஆனால் செயற்கைப் பட்டு எனப்படும் ரேயான் நூல் கலந்திருந்தால் கதை தலைகீழ். ரேயான் ஈரத்தில் பாதி வலுவை இழந்துவிடும். அதை முறுக்கிப் பிழிந்தால் கிழிந்துவிடும்.

சேறு காய்வதற்கு முன்பே, சுத்தமான குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அலச வேண்டும். வெளியேறும் தண்ணீர் தெளிந்து வரும் வரை நிறுத்தக் கூடாது. சோப்புப் போடும் முன் ஒரு சோதனை: ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாளியில் ஊறப்போடவே கூடாது, சிவப்பு பச்சையில் ஏறி, பச்சை மஞ்சளில் ஏறி மொத்தமும் பாழாகிவிடும். குளிர்ந்த தண்ணீர், காரம் குறைந்த சோப்பு, வேகமான அலசல். அவ்வளவுதான்.

நகராட்சி கொடுக்கும் பிளீச்சிங் பவுடர் தரைக்கு. ஜமக்காளத்துக்கு அல்ல, சாயம் போய்விடும். கம்பளி விரிப்பாக இருந்தால் நிறத்தோடு நிற்காது. கம்பளி என்பது முடி, புரதத்தால் ஆனது. குளோரின் அந்த இழையையே அரித்துவிடும். தரையில் பிளீச்சிங் தெளித்த இடத்தில் கழிவறை ஆசிட்டையும் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். இந்த இரண்டையும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம்.

காய வைக்கும்போது ஒரே கயிற்றில் மடித்துப் போட்டால் உள்மடிப்பு காயாது. இரண்டு கயிறு கட்டி, நடுவில் காற்று புகுந்து போகும்படி விரித்துப் போடுங்கள். வெயில் நல்லதுதான். ஆனால் மேல்பக்கம் வெளுக்காமல் இருக்க அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டுங்கள். தொட்டால் காய்ந்தது போல் இருக்கும். ஓரக் கரையையும் குஞ்சத்தையும் அழுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இலவம் பஞ்சு மெத்தை?

இங்கேதான் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலவம் பஞ்சுக்குத் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். அதனால் கூரை ஒழுகி நனைந்த மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, மறுபடி அடைத்துத் தைக்கலாம். ஆற்று வெள்ளத்திலோ சாக்கடைத் தண்ணீரிலோ மூழ்கியது என்றால் வேண்டாம். பஞ்சுக்குள் போன அழுக்கை அலசி எடுக்க வழியில்லை. ஃபோம் மெத்தை, தலையணைக்கும் இதே பதில்தான். கோரைப் பாயை நன்றாக அலசி, நிழலில் காற்றாட நிறுத்தி வைத்தால் தேறிவிடும். கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்ட பாயை விட்டுவிடுங்கள்.

ஆடிக் காற்றும் ஐப்பசி ஈரமும்

உலர்த்தும் நிறுவனங்கள் செய்வது மூன்று வேலை. முதலில் தண்ணீரை இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பது. ஒரு மணி நேரம் உறிஞ்சி எடுப்பதைக் காற்றில் ஆவியாக்க நாள் கணக்கில் ஆகும். அதனால் இதில் அவர்கள் தனிக் கவனம் செலுத்துகிறார்கள். அடுத்து, நத்தை வடிவில் இருக்கும் புளோயரைத் தரையோடு தரையாக வைத்து, பரப்பை உரசிக்கொண்டு போகும்படி காற்றை ஓட்டுவது. மூன்றாவது, காற்றில் சேர்ந்த ஈரத்தை டிஹியூமிடிஃபையர் வைத்துப் பிடித்து வெளியேற்றுவது. தினமும் ஈரமானியால் அளந்து பார்ப்பார்கள்.

மூன்றாவது வேலை ஏன்? 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். அது நிறைந்துவிட்டால் எத்தனை ஃபேன் போட்டாலும் ஈரக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

நம் பகுதியில் இரண்டு விதமான வெள்ளம் வருகிறது என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டி மேட்டூர் நிரம்புவது பெரும்பாலும் ஆடி மாதத்தை ஒட்டி. அப்போது குமாரபாளையத்தில் மழையே இல்லாமல் கூட இருக்கலாம். ஆனால் அம்மியைப் பறக்க வைக்கும் ஆடிக் காற்று அடிக்கும். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து போட்டால், எந்த இயந்திரமும் கொடுக்காத காற்றோட்டம் சும்மா கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் வரும் வெள்ளம் வேறு. வெளியே காற்றே ஈரம். அப்போது ஜன்னலைத் திறப்பது, வெளியில் உள்ள ஈரத்தை வீட்டுக்குள் அழைப்பது போல. மழை நிற்காத நாட்களில் ஜன்னலைச் சாத்தி, ஏசி இருந்தால் 'டிரை' மோடில் ஓட விட்டு, பெடஸ்டல் ஃபேனைத் தாழ்த்தி விரிப்பின் மேல் சாய்வாக வீசச் செய்யலாம். வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிடலாம்.

ஆள் வைத்துச் செய்தால் என்ன கேட்க வேண்டும்?

சோஃபா, கார்பெட் சுத்தம் செய்து தருபவர்களில் ஷாம்பூ போட்டுத் தேய்ப்பவரும் உண்டு, உண்மையிலேயே உலர்த்தத் தெரிந்தவரும் உண்டு. ஈரமானி இருக்கிறதா, கார்பெட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பீர்களா, அடியில் உள்ள ஃபோமை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மேலே மட்டும் தேய்த்து வாசனை அடித்துவிட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் பணம் வீண். கார்பெட்டின் அடியில் இரண்டு அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை, நாள் கணக்கில் ஊறினால் விட்டுவிடும். சணல் அடித்தளம் என்றால் காயும்போது பழுப்புக் கறை மேலேறி வரும். இவற்றை முன்கூட்டியே சொல்பவர் தொழில் தெரிந்தவர்.

தூக்கிப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதமும் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்பு உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் தனியாகவும் எடுக்கலாம். இன்ஷூரன்ஸ் ஆள் வந்து பார்ப்பதற்குள் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால், கையில் இருக்கும் போட்டோதான் சாட்சி.

காய்ந்த விரிப்பைத் திரும்பப் போடும் முன் தரையையும் சோதிக்க வேண்டும். சிமென்ட் தரை மேலே காய்ந்து, உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க, 16 மணி நேரமாவது விடுங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ, ஜமக்காளம் இன்னும் சில நாள் கொடியிலேயே கிடக்கட்டும்.