பதினெட்டு மாதமும் இருபத்தாறு நாளும்

வாசுதேவநல்லூர் ஊராட்சி ஒன்றியத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், ஒரே குழந்தையின் கணக்கை இரண்டு பெண்கள் எழுதி வைத்திருப்பார்கள். ஒருவர் கிராம சுகாதார செவிலியர். ஊராருக்கு அவர் ‘நர்சம்மா’. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பேறுகாலக் கவனிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் அங்கன்வாடிப் பணியாளர். ஊராருக்கு ‘பால்வாடி டீச்சர்’. குழந்தையின் எடை, சாப்பாடு, பள்ளிக்கு முந்தைய படிப்பு ஆகியவை அவருக்குரியவை. இருவரும் அதே தெருக்களில் நடக்கிறார்கள், அதே வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால் முதலாமவர் காலமுறை ஊதியம் வாங்கும் அரசு ஊழியர். இரண்டாமவர் வாங்குவது ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’. அந்தச் ‘சிறப்பு’ என்ற அடைமொழியை எடுக்கச் சொல்லித்தான் அங்கன்வாடிச் சங்கங்கள் இத்தனை ஆண்டுகளாகப் போராடுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வு வேலையின் கடினத்தால் வந்ததில்லை. யாருக்கு எத்தனை மாதம் பயிற்சி கொடுப்பது என்று அரசு அவ்வப்போது எடுத்த முடிவுகளின் வழியாகவே அது கெட்டிப்பட்டது என்பது என் வாதம்.

கிராமத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பது ஒரு காலத்தில் பரம்பரைத் தொழில். மருத்துவர் குலத்துப் பெண்களே மருத்துவச்சிகளாக இருந்தார்கள். தாயிடம் மகள் கற்றாள், கூலி நெல்லாகவும் சேலையாகவும் வந்தது. சென்னையில் 1844-இல் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரி, பின்னாளைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, இந்தத் தொழிலைப் பாடத்திட்டமாக மாற்றிய இடங்களில் முதன்மையானது. 1926-இல் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவுசெய்ய மதராஸ் மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது. 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்தை உள்ளாட்சிகளின் கடமைகளில் ஒன்றாக்கியது. இதனால் பழைய மருத்துவச்சிகளின் அனுபவ அறிவு மதிப்பிழந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சமூகப் பணிகளிலேயே பயிற்சி, தேர்வு, பதிவு என்ற மூன்று படிகளையும் முதலில் தாண்டிய வேலை இதுதான். இன்றைய நர்சம்மா உறுதியாக நிற்பது அந்தப் படிகளின் மேல்தான்.

மற்ற சமூகப் பணிகளுக்குப் பயிற்சி வந்த வழி வேறு. கஸ்தூர்பா 1944-இல் மறைந்ததும், அவர் நினைவாகத் திரட்டிய நிதியைக் கிராமத்துப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்கே செலவிட வேண்டும் என்றார் காந்தி. அந்த அறக்கட்டளையின் தென்னிந்தியப் பணியை ஏற்றவர் டாக்டர் சௌந்தரம். திருக்குறுங்குடியைப் பூர்வீகமாகக் கொண்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள்; டில்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் மருத்துவம் படித்தவர். கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947-இல் சின்னாளப்பட்டி அருகே அவர் தொடங்கிய காந்திகிராமம், கிராமப் பெண்களைக் கிராமப் பணிக்கே பயிற்றுவிக்கும் இடமாக வளர்ந்தது. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, நாடு முழுக்கக் கிராம சேவக்குகளும் கிராம சேவிகாக்களும் தேவைப்பட்டார்கள். ஆண்கள் கிடைத்தார்கள். பயிற்சியில் சேருமளவுக்குப் படித்த பெண்களைக் கிராமங்களில் தேடத்தான் வேண்டியிருந்தது. 1958-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையிலான மத்திய சமூகநல வாரியம் இதற்கு ஒரு வழி கண்டது. படிப்பை இடையில் விட்ட பெண்களுக்கும் விதவைகளுக்கும் பல ஆண்டுப் பள்ளிப்பாடத்தை ஏறத்தாழ இரண்டாண்டில் சுருக்கிக் கற்பித்து, தேர்வெழுத வைத்து, அதன்பின் செவிலியராகவோ ஆசிரியையாகவோ சேவிகாவாகவோ பயிற்சிக்கு அனுப்புவது. தகுதியைத் தாழ்த்தி ஆளெடுக்காமல், ஆளைத் தகுதிக்கு உயர்த்திய ஏற்பாடு அது.

அதே காலத்தில் குழந்தை நலப் பணிக்கும் ஒரு முறையான படிப்பு வந்தது. இந்தியக் குழந்தைகள் நலக் கழகம் 1961-62-இல் தொடங்கிய பாலசேவிகா பயிற்சி 11 மாதம் நடந்தது. குழந்தை உளவியல், விளையாட்டு, உணவு, முதலுதவி, ஊராருடன் பழகும் முறை எல்லாவற்றுக்கும் அதில் நேரம் இருந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பொறுப்புகள் கூடின: துணை உணவு, தடுப்பூசிக்கு உதவி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கான ஊட்டச்சத்துக் கல்வி என ஆறு. ஆனால் பயிற்சி சில மாதங்களாகச் சுருங்கியது. திட்டம் நாடெங்கும் பரவிய பிறகு 26 வேலை நாள்களில் வந்து நின்றது. வேலை பெருகப் பெருகப் படிப்பு குறைந்த தொழில் இதைப்போல் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். நர்சம்மாவுக்குரிய துணை செவிலியர் படிப்போ 18 மாதத்துக்குக் கீழே இறங்கவில்லை. பிறகு இரண்டாண்டாக நீண்டது. அதே கிராமத்தில் பணியாற்றும் இரு பெண்களின் பாதை பிரிந்தது இங்கேதான்.

குழந்தைப் பணியில் அப்படிக் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கி, திருநெல்வேலி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பார்க்கலாம். அதன் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர் மாதாமாதம் வீட்டு உத்தரத்தில் வில்தராசைத் தொங்கவிடுவார். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் துணித்தொட்டிலில் வைத்து மாட்டுவார். அழுது உதைக்கும் குழந்தை அடங்கி முள் நிற்கும்வரை காத்திருந்து எடையைப் படிப்பார். வயதை மாதக்கணக்கில் கண்டுபிடித்து அட்டையில் புள்ளி வைப்பார். போன மாதப் புள்ளியிலிருந்து கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்பதைத் தாய்க்குக் காட்டி, காரணம் பேதியா, காய்ச்சலா, தாய் களையெடுக்கப் போகும் நாள்களா என்று விசாரிப்பார். எல்லாக் குழந்தைக்கும் சத்துமாவு லட்டு இல்லை. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும், அதுவும் சுமார் 90 நாள். தேறியதும் நிறுத்திவிட வேண்டும். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாயே, என் பிள்ளைக்கு ஏன் இல்லை’ என்று கேட்கும் தாயிடம் அந்த அட்டையை வைத்தே நியாயம் சொல்ல வேண்டும். திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்தது. இதை வெறும் தாய்ப்பாசத்தால் செய்ய முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அந்தப் பணியாளருக்கும் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு மாதப் பயிற்சிதானே கிடைத்தது? குறுகிய பயிற்சியே போதும் என்பதற்கல்லவா அது சான்று? கேள்வி நியாயமானது. ஆனால் அத்திட்டம் வேலையை எடை, உணவு, அறிவுரை என்று குறுக்கி வைத்திருந்தது. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர், வட்டாரத்துக்கு ஒரு பயிற்றுநர் என்று கற்பிப்பவர் களத்திலேயே இருந்தார். அதாவது இரண்டு மாதத்தோடு பயிற்சி முடியவில்லை, மாதந்தோறும் தொடர்ந்தது. ஆறு பணிகளைத் தலையில் ஏற்றி, 26 நாளில் சான்றிதழ் கொடுத்து, இருபதுக்கும் மேற்பட்ட மையங்களுக்கு ஒரே மேற்பார்வையாளரை வைக்கும் ஏற்பாட்டுக்கு அந்த வெற்றியைச் சாட்சியாக அழைக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. பயிற்சியை நீட்டினால், கல்வித் தகுதியை உயர்த்தினால், உள்ளூர் ஏழைப் பெண்ணுக்கு இந்த வேலை எட்டாமல் போய்விடும். நகரத்துப் பெண் வந்து மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள் என்பது அது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை கொடுத்தது பெரிய சமூக நன்மை. வயல்கூலியும் பீடிச் சுற்றும் தவிர வேறு வழி இல்லாத தென்பகுதிக் கிராமங்களில், பெண் ஒருத்தி சொந்த ஊரிலேயே பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சம்பளம் வாங்கும் நிலை அப்படித்தான் பரவலானது. அந்த வாசலை அடைக்க யாரும் சொல்லவில்லை. வாசலுக்கு உள்ளே படிக்கட்டு வேண்டும் என்பதே கோரிக்கை. 1958-இன் சுருக்கப் படிப்பு அதற்கு முன்மாதிரி. அங்கன்வாடிப் பணியாளர்களையே துணை செவிலியர் பயிற்சிக்கு அனுப்பிக் கிராம சுகாதார செவிலியராக்கிய தமிழ்நாட்டின் ஏற்பாடு இன்னொரு சான்று. அதே பெண், அதே ஊர். நடுவில் வந்தது பயிற்சி. அதற்குப் பிறகு அவர் அரசு ஊழியர்.

பணம்தான் காரணம், பயிற்சி அல்ல என்பார்கள் சிலர். நாடு முழுவதும் லட்சக்கணக்கான மையங்கள். எல்லோருக்கும் முழுச்சம்பளம் கொடுக்க முடியாததால்தான் மதிப்பூதியம், அதற்கேற்பக் குறுகிய பயிற்சி என்பது அவர்கள் கணக்கு. காரணம் அந்தத் திசையிலும் ஓடியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடிய பிறகு இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன: சம்பளம் குறைவு என்பதால் படிப்பு குறைகிறது, படிப்பு குறைவு என்பதால் சம்பளம் உயர மறுக்கிறது. 2006 டிசம்பரில், கர்நாடக அரசு – அமீர்பீ வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 2022 ஏப்ரலில் குஜராத் பணியாளர்கள் தொடர்ந்த வழக்கில் அதே நீதிமன்றம், அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அவர்களின் பொறுப்புகளைப் பார்த்தால் இதைப் பகுதிநேர வேலை என்று சொல்ல முடியாது என்றும் கண்டது. பதினைந்து ஆண்டுகளில் வேலை மாறிவிடவில்லை. அதைப் பார்த்த கண் மாறத் தொடங்கியது.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயமும் வேண்டும் என்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பாலசேவிகாவுக்குக் கிடைத்த 11 மாதத்தை நோக்கி இப்போதுதான் திரும்பி நடக்கத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் ஊதியத்தோடு சேராத படிப்பு, பணியாளர் தலையில் ஏறும் ஏழாவது சுமையாகவே முடியும். படிப்பை முடிப்பவருக்கு அந்த மாதமே ஊதியப் படி உயர வேண்டும். பயிற்சிக் காலத்தில் மையத்தை நடத்த மாற்று ஆள் வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற பழைய கணக்கு திரும்ப வேண்டும். இந்த மூன்றையும் அரசாணையில் எழுதாமல் பாடப்புத்தகத்தை மட்டும் அச்சடித்தால், வாசுதேவநல்லூரின் பால்வாடி டீச்சர் இன்னொரு சான்றிதழோடு பழைய சம்பளத்தையே வாங்கிக்கொண்டிருப்பார்.