மேல்தாடை முறிவும் கூடுகைத் தாமதமும்: 1901 – 1942
மேல்தாடை குருதியோட்டம் மிக்க எலும்பு. எளிதிற் கூட வேண்டியது. ஆயினும் அதன் முறிவுகளுட் சில, வாரங்கள் பல கடந்தும் கூடாமல் அசைந்தன. இத்தாமதத்திற்கு எலும்பின் இயல்பைவிடப் பிடிப்பின் தளர்வே பெரிதும் காரணமாயிற்று.

1901இல் பிரான்சின் லீல் நகர அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர், பிணங்களின் தலைகளை மழுங்கிய கருவிகளால் தாக்கி ஆராய்ந்து, நடுமுகம் பெரும்பாலும் மூன்று கோடுகளின் வழியே பிளவுறுவதை நிறுவினார். தோல் கிழியாதிருக்க உள்ளே எலும்பு நொறுங்கியிருந்தமையையும் அவர் கண்டார். எனினும், முறியும் இடத்தை அறிந்தமையால் மட்டும் கூட்டும் வழி கிட்டிவிடவில்லை. மேற்பற்களைக் கீழ்ப்பற்களோடு பிணைத்தால், கீழ்த்தாடை அசையுந்தோறும் மேல்தாடையும் உடன் அசைந்தது. முறிவிடையில் எலும்புக்கு மாறாக நார்த்திசு வளர்ந்தது. தாடையைத் தாங்கிய மாவுக்கட்டுத் தொப்பியோ தலையில் நழுவக்கூடியது.

1942இல் அமெரிக்க மருத்துவர் மில்டன் ஆடம்ஸ், முறிவுக்கு மேலுள்ள முறியாத எலும்பிலிருந்து உட்கம்பியால் தாடையைத் தொங்கவிட்டு நிறுத்தும் முறையை வெளியிட்டார்.